சிவப்பு வண்டியின் பின் டயர்

மார்ச் 8, செவ்வாய். பிரிசிகெல்லா

இன்று காலையும் மிர்னா கேட்டாள். காபி பொங்கி மேலே வருவதற்குள் கேட்டுவிட்டாள். "எதை விக்கப் போறே? முடிவு பண்ணிட்டியா?" ஒரு வாரத்தில் இது நான்காவது தடவை. கல்யாணமான நாளிலிருந்து வண்டி விஷயத்தில் வாயே திறக்காதவள். இப்போது என்ன திடீர் அக்கறை?

கராஜின் சொந்தக்காரர் மே மாதத்திலிருந்து பாதி இடத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார். மீதிப் பாதியில் ஒரு வண்டிதான் நிற்கும். இந்த மாதிரி மோட்டார் சைக்கிளைத் தெருவில் விட்டுவைக்க எவனுக்கும் மனசு வராது. ஆகவே ஒன்று போக வேண்டும். நம் பக்கத்துப் பொலோன்யாவில் பிறந்த சிவப்பு டுகாட்டியா, வடக்கே நோவாலேயில் பிறந்த கறுப்பு அப்ரிலியாவா. கறுப்பு என்னிடம் வந்து ஆறு வருடம். சிவப்பு வந்து ஒன்றரை வருடம். எங்கள் பக்கத்தில் இதை வண்டிப் பேச்சாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நீ எந்தக் கட்சி என்று கேட்கிற மாதிரிதான்.

மார்ச் 10, வியாழன்

வேலை முடிந்து எஜிஸ்தோவின் பட்டறைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், என் இரண்டு வண்டிக்கும் அவன்தான் மெக்கானிக். கையைத் துடைக்காமலே சொன்னான்: "சிவப்பை வெச்சுக்கடா. கறுப்பைத் தள்ளிவிடு. சிவப்பு இன்னும் உங்க வீட்ல முழுசா வேலையைக் காட்டல." ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறான்? சிவப்பின் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது பெரிய வேலை. அந்த வேலை யாருக்கு வரும்? அவனுக்குத்தான்.

பிறகு பாரில் லேயார்கோ. தரை ஓடு விற்கும் கடை வைத்திருப்பவன், டுகாட்டி என்றால் எழுந்து நிற்பான். அவன் நேர்மாறாகச் சொல்கிறான். "கறுப்புதான் உனக்குச் சரி இவானோ. உன் வயசுக்கு அடக்கமான வண்டி. சிவப்பை நான் பாத்துக்கறேன்." பார்த்துக்கொள்கிறானாம். என் வயசாம்! என்னைவிட நாலு மாதம் மூத்தவன்.

இருபத்தெட்டு வருடமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுக்கிறேன். நாயைக் கட்டிவிட்டோம் என்பார்கள், அது வாசலிலேயே நிற்கும். தோட்டத்துக்குத் தண்ணீரே விடுவதில்லை என்பார்கள், தக்காளிச் செடி என் தோள் உயரம் இருக்கும். வாயால் சொல்லும் எதையும் நான் நம்புவதை விட்டுப் பல காலமாகிறது.

மார்ச் 13, ஞாயிறு

கறுப்பில் கோல்லா கணவாய் வரை போய் வந்தேன். சாலையின் ஓரங்களில் இன்னும் ஈரம். கறுப்பு நான் நினைப்பதைச் செய்கிறது. வளைவுக்குள் தப்பாக நுழைந்தாலும் முகம் சுளிக்காமல் சமாளித்து வெளியே கொண்டுவந்துவிடுகிறது. சிவப்பிடம் அது நடக்காது. அது நினைப்பதை நான் செய்ய வேண்டும். நான் பயந்தால் அதற்குத் தெரிந்துவிடுகிறது, உடனே விறைத்துக்கொள்கிறது. ஆனால் வருடத்தில் இரண்டு தடவை, எல்லாம் கூடிவந்தால், சிவப்பு ஒரு வளைவைக் கொடுக்கும் பாருங்கள், அதைக் கறுப்பு கொடுத்ததே இல்லை. இரண்டு வளைவுக்காக ஒரு வண்டியை வைத்துக்கொள்வதா?

கணவாய் உச்சியில் இருக்கும் பாரில் யாரும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. பின் டயரைத்தான் பார்க்கிறார்கள். வளைவில் சாய்க்கப் பயந்தவனின் டயரில் இரண்டு ஓரமும் தேயாமல் ஒரு பட்டை மினுங்கும். கறுப்பில் என் பட்டை ஒரு விரல் அகலம். அதனால்தான் எப்போதும் சுவரை ஒட்டியே நிறுத்துகிறேன். ஆனால் போன கோடையில் சிவப்பில் அந்தப் பட்டை வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. எல்லோரும் பார்த்தார்கள். லேயார்கோ குனிந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான். எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடிய மாதிரி இருந்தது. பிப்ரவரியில் எஜிஸ்தோ புது டயர் மாட்டிவிட்டான். இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மார்ச் 17, வியாழன்

சிவப்பின் முன்கண்ணாடியில் மூன்று பூச்சி ஒட்டியிருந்தது. ஞாயிறு பார்த்தேன். இன்று இல்லை.

மார்ச் 20, ஞாயிறு

சிவப்பின் போர்வையை எடுத்துவிட்டுப் பின்னால் போய்க் குனிந்தேன். பட்டை இல்லை.

இடது ஓரம் இல்லை, வலது ஓரம் இல்லை. கடைசி நூல் வரை தேய்ந்து, விளிம்பில் ரப்பர் சுருண்டு நிற்கிறது. முதல் நொடியில் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், இங்கே யார் படிக்கப் போகிறார்கள். 'அட, நானா!' என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. மார்ச் 6-க்குப் பிறகு நான் இதைத் தொடவே இல்லை. அன்று ஒன்றரை விரல் மிச்சமிருந்தது, விரல் வைத்தே பார்த்தேன்.

எவனோ என் வண்டியை ஓட்டுகிறான். என்னைவிட நன்றாக ஓட்டுகிறான். இரண்டில் எது அதிகமாக வலிக்கிறது?

மார்ச் 21, திங்கள்

சாவி மூன்று. ஒன்று என் பையில். ஒன்று எஜிஸ்தோவிடம், சர்வீஸுக்காக வைத்திருக்கிறான். ஒன்று சமையலறை இழுப்பறையில். அதை எடுக்க வீட்டுக்குள் வர வேண்டும், வீட்டில் மிர்னா இருக்கிறாள். "நான் இல்லாதப்ப யாராவது வந்தாங்களா?" என்று கேட்டேன். "யாரும் வரல" என்றாள். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அப்படியானால் எஜிஸ்தோ. இளவயதில் முஜெல்லோ டிராக்கில் இரண்டு வருடம் பந்தயம் ஓட்டியவன். அந்த ஓரம் வரை சாய்க்க நம் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

சிவப்பின் கிலோமீட்டர்: 9,418. கராஜ் கதவின் கீழே ஒரு கறுப்பு நூல் ஒட்டியிருக்கிறேன். யார் திறந்தாலும் அறும்.

மார்ச் 24, வியாழன்

நூல் அப்படியே இருக்கிறது. கிலோமீட்டர் 9,502.

எண்பத்து நாலு. கோல்லா போய்த் திரும்பும் தூரம், கூடக் கொஞ்சம். வந்தவன் நூலைப் பார்த்திருக்கிறான், எடுத்திருக்கிறான், திரும்ப ஒட்டியும் வைத்திருக்கிறான். நான் நூல் ஒட்டுகிற ஆள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பெட்ரோல் கூட நான் விட்ட அளவிலேயே. என்ன ஒரு திமிர்!

ஏப்ரல் 3, ஞாயிறு

கேட்டுவிட்டேன். கணவாய் பாரில், எல்லோர் முன்னாலும். கேட்டிருக்கக் கூடாதோ? இல்லை, கேட்க வேண்டியதுதான்.

எஜிஸ்தோ பியாதினா ரொட்டியை வாயருகே கொண்டுபோன நேரம். "என் சிவப்பை நீ எத்தனை நாளா ஓட்டறே?" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரிக்கத் தயாரானார்கள், வேடிக்கை என்று நினைத்து.

"நானா?"

"உன்னை விட்டா அந்த ஓரம் வரைக்கும் யாருடா சாய்ப்பா? சாவி உன்கிட்ட இருக்கு. கழுவி வெக்கறே, பெட்ரோல் போட்டு வெக்கறே. திருடனுக்கு இவ்வளவு சுத்தம் எதுக்கு?"

அவன் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. பியாதினாவைத் தட்டில் வைத்தான். "உன் வண்டியை யாரோ நல்லா ஓட்டறாங்க, அது உனக்குப் பொறுக்கல, அவ்வளவுதானே?" என்றான். பிறகு சாவி வளையத்திலிருந்து என் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தான். "நாப்பது வருஷம்டா இவானோ." அவ்வளவுதான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

செய்யாதவன் செய்யவில்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே?

ஏப்ரல் 6, புதன்

சிவப்பை லேயார்கோவுக்கு விற்பதாகக் கைகொடுத்துவிட்டேன். 30-ஆம் தேதி வந்து எடுத்துக்கொள்வான். வேறொருவன் கை பட்ட வண்டி. கைப்பிடியைத் தொட்டாலே பற்றி எரிகிறது. எனக்குக் கறுப்பு போதும்.

ஏப்ரல் 7, வியாழன்

சாப்பாட்டின்போது மிர்னாவிடம் சொன்னேன். கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அதையா? கறுப்பை இல்லியா?"

"உனக்கு என்ன, எது போனா என்ன?"

"ஒண்ணுமில்ல. கறுப்பை விப்பேன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை. வண்டிக்காக மிர்னா சாப்பிடாமல் எழுந்தாள்! எஜிஸ்தோவும் இதே வார்த்தைதான் சொன்னான். சிவப்பை வைத்துக்கொள், கறுப்பைத் தள்ளிவிடு.

ஏப்ரல் 9, சனி

படிக்கட்டில் ஏறும்போது அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இல்ல எஜிஸ்தோ, அவனுக்கு இன்னும் தெரியாது. நீ சொல்லிடாதே. சொல்லவேண்டியது நான்தான்." என் காலடி கேட்டதும் "சரி, வெக்கறேன்" என்றாள்.

மீன் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டாள். வாங்கலாம் என்றேன்.

ஏப்ரல் 11, திங்கள்

எழுதக் கூடாது என்று இரண்டு நாள் இருந்தேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

மிர்னாவும் எஜிஸ்தோவும்.

செவ்வாயும் வியாழனும் நான் மலை ஊர்களில் ரீடிங் எடுக்கப் போகிறேன், திரும்ப ஐந்து மணி ஆகும். அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையல் இரண்டு மணிக்கு முடிகிறது. வண்டி ஒரு சாக்கு. அவன் ஓட்டுவான், இவள் பின்னால் உட்கார்ந்திருப்பாள். என் பின்னால் ஏறச் சொன்னால், சிவப்பின் சீட்டு ரொம்பச் சின்னது, மாட்டேன் என்பாள். அவன் பின்னால் மட்டும் உட்கார முடிகிறதோ?

கேட்டால் பொய் சொல்வார்கள். பார்த்துவிட வேண்டும். வியாழக்கிழமை. ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் வேறு. சாமி மன்னிக்கட்டும்.

ஏப்ரல் 14, வியாழன்

பார்த்துவிட்டேன்.

தலைவலி என்று சொல்லிவிட்டு ஒரு மணிக்கே வேலையை விட்டுவிட்டேன். ஆபீஸ் வேனைக் கணவாய்க்குப் போகும் சாலையில், கசாலியா ஊருக்குக் கீழே, மரக்கட்டைகள் அடுக்கியிருக்கும் இடத்தின் பின்னால் நிறுத்தினேன். அங்கேயிருந்து இரட்டை வளைவு முழுசாகத் தெரியும். இரண்டு மணி நேரம். என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முதலில் அவனிடம், பிறகு அவளிடம்.

மூன்றரைக்குச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? கீழே திருப்பத்தில் சிவப்பு வந்தது. ஒரு ஆள்தான். பின்சீட்டு காலி. அப்போதும் எஜிஸ்தோ என்றே நினைத்தேன். பிறகு அந்த வெளுத்த நீல ஜாக்கெட். இடது முழங்கையில் தையல் விட்ட ஜாக்கெட். அந்தத் தையலைப் போட்டுக்கொடு என்று அவள் என்னிடம் சொல்லி ஒரு வருடமாகிறது.

மிர்னா.

மிர்னாதான். நான் பிரேக் பிடிக்கும் இடத்தைத் தாண்டி வந்தாள். இன்னும் பிடிக்கவில்லை. ஐயோ, பிடிடி, பிடிடி என்று வேனுக்குள் கத்தினேன். பிறகு ஒரே ஒரு தொடல், வண்டி அப்படியே சாய்ந்தது, முழங்கால் வெளியே வந்து சாலைக்கு மேல் தொங்கியது. இடமிருந்து வலம் புரண்டது. என்னிடம் விறைத்துக்கொள்ளும் அதே வண்டி! ஏறிப் போய்விட்டாள். சத்தம் மட்டும் மலை முழுக்க நின்றது.

எனக்குச் சந்தோஷமா, வெட்கமா, கோபமா, ஒன்றும் தெரியவில்லை. எல்லாம்தான். பொறாமையும். கட்டின பெண்டாட்டி மேல் பொறாமைப்பட்டு ரோட்டோரம் நிற்கிறேன். அவளை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் இந்த நாலு நாளில்.

ஏப்ரல் 15, வெள்ளி

ஈஸ்டர் விருந்தாளிகள் வந்து போகட்டும், பிறகு கேட்கிறேன்.

ஏப்ரல் 18, திங்கள். ஈஸ்டருக்கு மறுநாள்

விருந்தாளிகள் எல்லோரும் நேற்றே போய்விட்டார்கள். காலையில் அவள் மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். "வியாழக்கிழமை கசாலியாவுக்குக் கீழ நின்னுட்டிருந்தேன்" என்றேன்.

உருளைக்கட்டை நின்றது. "எத்தனை மணிக்கு?"

"மூணரை."

"அப்ப ரெண்டாவது வளைவைப் பாத்திருப்பே." முகம் சிவந்துவிட்டது. "அதுல கொஞ்சம் அகலமாப் போயிட்டேன்."

நான் அதையா கேட்டேன்? கத்திவிட்டேன். ஏன் திருட்டுத்தனம், ஏன் நூலைத் திரும்ப ஒட்டினாய், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் என்ன மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்?

அவள் கத்தவில்லை. கையிலிருந்த மாவை உதறிக்கொண்டே சொன்னாள். "உன்னைப் பாக்கறதுக்கு முன்னாடியே லைசென்ஸ் எடுத்தவ நான். இருபது வருஷம் உன் பின்னாடி உக்காந்து வந்தேன். நீ எங்கெங்க பிரேக் பிடிப்பேன்னு எனக்கு மனப்பாடம். எல்லா இடத்துலயும் சீக்கிரமாவே பிடிக்கிறே. கறுப்பு உன்னை மாதிரி, பொறுமையா இருக்கும். அதை ஓட்ட எனக்கு ஆசையே வந்ததில்ல. சிவப்பு எனக்கு... ஏறின அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல. நீ சிரிச்சே."

அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றேன். சத்தியம் பண்ணினேன்.

அதே நாள், பின்னால்

அலமாரியின் மேலிருந்து 2011 நாட்குறிப்பை எடுத்தேன். ஜூன் 12. என் கையெழுத்து. 'மிர்னா வண்டியை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். நல்ல தமாஷ். மதியம் மழை.'

அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். மழைக்கு ஒரு வரி, அவளுக்கு ஒன்றரை வரி.

ஏப்ரல் 19, செவ்வாய்

எஜிஸ்தோ பட்டறையில் தலையைத் தூக்கவில்லை. மிர்னாவின் எடைக்குத் தகுந்த மாதிரி வண்டியின் ஸ்பிரிங்கைச் சரிசெய்து கொடுத்தவன் அவன்தான். நான் ஓட்டும் ஞாயிறுக்கு முன்னால் பழையபடி மாற்றியும் வைத்திருக்கிறான், ஒன்றரை வருடமாக. சொல்லாதே என்றாளாம், சொல்லவில்லையாம். அத்தனை பேர் முன்னால் திருடன் என்றபோதும் சொல்லவில்லை.

மன்னித்துவிடு என்றேன்.

"இங்க எதுக்கு சொல்றே? இங்க யாரு இருக்கா, இந்த ஸ்பானரா?" என்றான். "எங்க கேட்டியோ அங்க வந்து சொல்லு."

ஏப்ரல் 25, திங்கள்

விடுமுறை நாள். கணவாயில் நிற்க இடமில்லை. எஜிஸ்தோ கைகட்டிச் சுவரில் சாய்ந்திருந்தான், உதவிக்கு வருகிற எண்ணமே இல்லை. சொன்னேன். "எஜிஸ்தோ என் வண்டியைத் தொடல. ஓட்டினது என் பொண்டாட்டி."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு சிரிப்பு. எவனோ கை தட்டினான். லேயார்கோ மட்டும் சிரிக்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். "இருடா இரு. அப்ப போன கோடை டயர்?"

அதை இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. "அதுவும் அவதான்" என்றேன்.

எஜிஸ்தோ வந்து என் முன்னால் ஒரு காபியை வைத்தான். குடித்தேன்.

நான் கிளம்பும்போது லேயார்கோ வழிமறித்தான். "சனிக்கிழமை வண்டி எடுக்க வரேன்."

"சிவப்பு இல்ல. வேணும்னா கறுப்பை எடுத்துக்கோ."

"கை குடுத்தியேடா!"

"என் வண்டின்னு நெனச்சுக் குடுத்துட்டேன்."

நோவாலே வண்டியைத் தன் வீட்டு வாசலில் கூட நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டுப் போனான். இனி என்னோடு பேசமாட்டான். அதில் பெரிய நஷ்டமில்லை.

ஏப்ரல் 28, வியாழன்

மிர்னா கறுப்பைச் சுற்றி வந்தாள். "இதை விக்காதே இவானோ. இதுதான் உனக்குப் பொருந்தும். எனக்காகப் பண்ணாதே, அப்புறம் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவே."

உனக்காக இல்லை, எனக்கு மணிக்கட்டு வலிக்கிறது என்றேன். பொய். அவளுக்கும் தெரியும்.

சிவப்பை ஓட்டத் தெரிந்த ஒரு ஆள் இந்த வீட்டில் இருக்கும்போது, ஓட்டத் தெரியாதவனுக்காக அதை எப்படி விற்பது? இந்தக் கேள்வியை மார்ச்சிலேயே சரியாகக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் வந்திருக்கும். எதை விற்கப் போகிறாய் என்று திரும்பத் திரும்ப அவள் கேட்டது அவசரத்தில் இல்லை. பயத்தில்.

ஏப்ரல் 30, சனி

ராவென்னாவிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்து கறுப்பை எடுத்துக்கொண்டு போனார். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார், யார் கண்டது. தெருமுனையில் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆறு வருடத்தில் ஒரு தடவை கூட என்னைக் கீழே போட்டதில்லை அது.

மே 8, ஞாயிறு

சிவப்பின் பின்சீட்டு நிஜமாகவே சின்னது. அவள் சொன்னது பொய்யில்லை.

பத்து மணிக்குக் கிளம்பினோம். அவள் முன்னால், நான் பின்னால். எங்கே கை வைப்பது என்று தெரியாமல் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். மார்ராதி ஊரைத் தாண்டியதும் "இவ்வளவு அழுத்திப் பிடிக்காதே, மூச்சு முட்டுது" என்று கத்தினாள். நான் இருப்பதால் மெதுவாகத்தான் போனாளாம். கசாலியாவுக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது வளைவில் திறந்தேன். அங்கே அகலமாகப் போகவில்லை.

உச்சியில் நின்றதும் பின்னால் இருக்கிறவன்தான் முதலில் இறங்க வேண்டும். இறங்கினேன். எல்லோரும் பார்த்தார்கள். பிறகு அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். என்னை யாரும் பார்க்கவில்லை. டயரைக் குனிந்து பார்க்க நாலு பேர் வந்தார்கள், எஜிஸ்தோ ஒரு முதலாளி மாதிரி நின்று விளக்கிக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது சாவியை என்னிடம் நீட்டினாள். "திரும்பிப் போறப்ப நீ ஓட்டறியா?"

பரிதாபப்பட்டுக் கேட்கிறாளா, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று கேட்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா? ஒரு நிமிடம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் "நீயே ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.